வீட்டு விலை சரியுமா? சென்னையில் வாங்குவதா, காத்திருப்பதா: ஒரு கணக்கு

"ரெண்டு வருஷம் பொறு, விலையெல்லாம் படுத்துடும், அப்போ வாங்கிக்கலாம்" என்று ஒரு தரப்பு. "இப்போ விட்டா இந்த ஏரியாவுல இனிமே வாங்கவே முடியாது" என்று இன்னொரு தரப்பு. மேடவாக்கத்திலோ போரூரிலோ 80 லட்ச ரூபாய்க்கு ஒரு இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டைப் பார்த்துவிட்டு, டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதா வேண்டாமா என்று வீட்டுக்குள்ளேயே விவாதம் நடந்துகொண்டிருக்கும் குடும்பத்துக்கு இந்த இரண்டு பேச்சும் உதவாது. முதல் தரப்பு பத்து வருடமாக அதையே சொல்கிறது. இரண்டாவது தரப்பில் பாதிப் பேருக்கு விற்றால் கமிஷன் கிடைக்கும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நம் ஊரில் வீட்டு விலை ஒரே நாளில் பொத்தென்று விழுவதற்கான வாய்ப்பு குறைவு. ஆனால் ஐந்தாறு வருடம் அசையாமல் நின்றுவிடும் வாய்ப்பு நிறைய, ஏற்கெனவே ஒருமுறை நின்றும் இருக்கிறது. கடனில் வாங்கியவருக்கு அந்தத் தேக்கமே பெரிய நட்டம்தான். வாங்குவது, வாடகையில் இருந்து காத்திருப்பது, கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டில் பணம் போடுவது, மனை வாங்குவது எல்லாவற்றையும் இந்தத் தேக்கத்தை வைத்து எடைபோட்டால்தான் முடிவு தெளிவாகும்.

சரிவு என்றதும் எல்லோரும் 2008 அமெரிக்காவைத்தான் சொல்கிறார்கள். அங்கே நடந்தது என்ன? வருமானத்தைச் சரியாகப் பார்க்காமலேயே கடன் கொடுத்தார்கள், முதல் இரண்டு வருடத்துக்கு வட்டியைக் குறைத்து வைத்து, அப்புறம் ஏற்றினார்கள். மாதத் தவணை கட்ட முடியாமல் போனபோது, கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் வீட்டைக் கடன் கொடுத்தவரிடமே விட்டுவிட்டால் பெரும்பாலும் கடன் அதோடு தீர்ந்துவிடும் என்ற நிலை இருந்தது. எனவே மக்கள் வீட்டை விட்டுப் போனார்கள், வங்கிகள் அத்தனை வீட்டையும் ஒரே நேரத்தில் விற்கப் பார்த்தன, விலை நொறுங்கியது. 2006க்கும் 2012க்கும் இடையில் நாடு முழுவதற்குமான சராசரியே கால் பங்குக்கு மேல் இறங்கியது, லாஸ் வேகாஸில் பாதிக்கும் மேல். அயர்லாந்திலும் 2007க்குப் பிறகு ஆறு வருடத்தில் ஏறத்தாழ பாதி விலை போனது.

இந்த மாதிரிச் சரிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஏராளமான பேர் ஒரே நேரத்தில், என்ன விலை வந்தாலும் சரி என்று விற்க வேண்டும். இந்தியாவில் அந்தக் கட்டாயம் சுலபத்தில் வராது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் போனால் 75 சதவீதம்தான் வங்கி கொடுக்க முடியும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பெரும்பாலும் அந்த மதிப்பில் சேராது. ஆக, வாங்குகிறவர் தன் கைப்பணத்தை, பெரும்பாலும் அப்பா அம்மாவின் ஓய்வூதியப் பணத்தையும் நகையையும் சேர்த்து, உள்ளே போட்டிருக்கிறார். விலை குறைந்துவிட்டது என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போகவும் முடியாது. 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்படி வங்கி வீட்டை ஏலம் விட்டு, மீதி பாக்கி இருந்தால் அதற்கும் உங்களையே பிடிக்கும். அதுபோக, நாட்டில் கணிசமான வீடுகளின் மேல் கடனே இல்லை. தாத்தா காலத்து இடம், ரொக்கத்தில் வாங்கிய மனை என்று இருப்பவர்கள் விலை பிடிக்கவில்லை என்றால் விற்காமல் பூட்டிப் போடுவார்கள், அவ்வளவுதான்.

அதனால் நம் ஊர்ச் சந்தை கெடும்போது முதலில் விற்பனைதான் நிற்கும். விலை காகிதத்தில் அப்படியே இருக்கும், வாங்க ஆள் இருக்காது. பில்டர் சதுர அடி விலையைக் குறைக்க மாட்டார். குறைத்தால் ஏற்கெனவே வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்குப் பதில் கார் பார்க்கிங் இலவசம், மாடுலர் கிச்சன் இலவசம், பதிவுச் செலவு எங்களுடையது என்பார். இதெல்லாம் விலைக் குறைப்புதான், ஆனால் எந்தக் குறியீட்டிலும் பதிவாகாது. ரிசர்வ் வங்கி காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் வீட்டு விலைக் குறியீடும் பத்திரப் பதிவு விவரங்களிலிருந்து எடுக்கப்படுவது. பத்திரத்தில் போடும் விலைக்கும் கை மாறும் விலைக்கும் உள்ள தூரம் எல்லோருக்கும் தெரியும்.

2013, 2014 வாக்கில் தொடங்கி 2020 வரை சென்னையில் நடந்தது இதுதான். 2015 டிசம்பர் வெள்ளம் வந்தது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நவம்பரில் பணமதிப்பிழப்பு, 2017 மே மாதம் பில்டர்களை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் முழுமையாக அமல், ஜூலையில் ஜிஎஸ்டி, 2018இல் ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிறுவனம் கடனைத் திருப்ப முடியாமல் போனதும் பில்டர்களுக்குக் கடன் கொடுத்துவந்த நிதி நிறுவனங்களே தள்ளாடின. 2017 ஜூனில் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு நிர்ணயிக்கும் மதிப்பை, 33 சதவீதம் குறைத்தது ஞாபகம் இருக்கும். பல இடங்களில் சந்தை விலையைவிட வழிகாட்டி மதிப்பு அதிகமாகிவிட்டது என்பது அரசே ஒப்புக்கொண்ட விஷயம். (குறைத்த கையோடு பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக ஏற்றியும் விட்டார்கள், 2023இல்தான் அது 2க்கு இறங்கியது.) அந்தக் காலத்தில் யாரும் 'சரிவு' என்று சொல்லவில்லை. ஆனால் ஏழு வருடம் விலை நகராமல் நின்று, மற்ற எல்லாம் வருடம் 5 சதவீதம் ஏறினால், 100 ரூபாய் வீட்டின் உண்மை மதிப்பு 71 ரூபாய்தான். அமெரிக்காவில் போன அளவுக்கு ஏறத்தாழ சமம். சத்தமில்லாமல் நடந்ததால் நாம் அதைக் கணக்கில் எழுதவில்லை.

சரி, இப்போது தெரிவுகளுக்கு வருவோம்.

கட்டி முடித்த ஃபிளாட்டைக் கடனில் வாங்குவது, வாடகையில் இருப்பது

விலை 80 லட்சம். புது ஃபிளாட், கட்டி முடித்து நிறைவுச் சான்றிதழ் வாங்கியது, அதனால் ஜிஎஸ்டி கிடையாது. 2023 டிசம்பரிலிருந்து புது ஃபிளாட்டுகளுக்கு நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்தே பதிவு செய்கிறார்கள். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம், 5 லட்சத்து 60 ஆயிரம். கடன் 60 லட்சம், கைப்பணம் பதிவையும் சேர்த்து 25 லட்சத்து 60 ஆயிரம். வட்டி 8 சதவீதம், 20 வருடம் என்றால் ஈஎம்ஐ சுமார் 50,200 ரூபாய். இதே ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்தால் 22,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சென்னைப் புறநகர்களில் வாடகை, வீட்டு விலையில் மூன்று சதவீதத்தை ஒட்டித்தான் வரும், அதனால் இது நியாயமான எண். மெயின்டனன்ஸ் யார் இருந்தாலும் கட்டுவதுதான், விட்டுவிடலாம்.

ஏழு வருடம் கழித்துப் பார்ப்போம். வாங்கியவர் அதற்குள் 42 லட்சம் ஈஎம்ஐ கட்டியிருப்பார், ஆனால் அசலில் கழிந்தது 11 லட்சத்துச் சொச்சம்தான், இன்னும் 48 லட்சத்து 60 ஆயிரம் பாக்கி. வாடகைக்காரர் 25 லட்சத்து 60 ஆயிரத்தை வரி போக 6 சதவீதம் வருகிற இடத்தில் போட்டு, ஈஎம்ஐக்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசத்தையும் மாதாமாதம் அங்கேயே போட்டால் (வாடகை வருடம் 5 சதவீதம் ஏறுகிறது என்று சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்) அவர் கையில் சுமார் 64 லட்சம் இருக்கும். வாங்கியவருக்கு? வீட்டு விலை வருடம் 6 சதவீதம் ஏறியிருந்தால் வீடு 1 கோடியே 20 லட்சம், கடன் போக 71 லட்சம் சொச்சம், வாங்கியவர் ஜெயித்தார். விலை அப்படியே 80இல் நின்றிருந்தால் கடன் போக 31 லட்சம்தான். 20 சதவீதம் விழுந்திருந்தால் 15 லட்சம்.

இரண்டும் சமமாகும் புள்ளி வருடம் 5 சதவீத ஏற்றம். அதற்கு மேல் ஏறும் என்று உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் வாங்குவது லாபம், இல்லையென்றால் வாடகை லாபம். 31க்கும் 64க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள்: விலை ஒரு ரூபாய்கூட குறையாமலே 33 லட்சம் பின்தங்கிவிட்டார். "எப்படியும் விலை குறையாது சார்" என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது, அதை மறைத்தால் நேர்மையாக இருக்காது. வாடகைக்காரர் அந்த 28,000 ரூபாயை மாதம் தவறாமல் சேமிப்பார் என்பது கணக்கில்தான் சுலபம். பெரும்பாலான வீடுகளில் அது காரிலும் கல்யாணச் செலவிலும் பள்ளிக் கட்டணத்திலும் கரைந்துவிடும். ஈஎம்ஐ கட்டாயச் சேமிப்பு, அந்தக் கட்டாயம் இல்லாவிட்டால் சேமிக்கவே மாட்டோம் என்று தெரிந்தவர்களுக்கு வீடு வாங்குவதே நல்லது. அப்புறம், 11 மாதத்துக்கு ஒருமுறை வீட்டு உரிமையாளர் என்ன சொல்வாரோ என்று இருப்பது, பிள்ளையின் பள்ளியை நடுவில் மாற்றுவது, ஆணி அடிக்கக்கூட கேட்க வேண்டியிருப்பது, சாதியையும் சாப்பாட்டையும் கேட்டு வீடு மறுக்கிற அவமானம், இதற்கெல்லாம் கால்குலேட்டரில் பொத்தான் இல்லை. இதற்காகவே வாங்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது முழுக்க நியாயமான காரணம். நான் கேட்டுக்கொள்வது, அதற்கு எத்தனை லட்சம் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள் என்பதை மட்டும்தான்.

வரிச் சலுகையைக் காரணமாகச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு என்பது பழைய வரிமுறையில்தான். 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பான தெரிவு, அதில் இந்தக் கழிவு இல்லை. சம்பளக்காரர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே அங்கே போய்விட்டார்கள், அதனால் இந்த வாதத்துக்குப் பெரிய பலம் இல்லை.

வட்டியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான வட்டி, 2020 மே மாதம் 4 சதவீதம், 2023 பிப்ரவரியில் 6.5, 2025 ஜூனில் 5.5 என்று ஏறி இறங்கியதைப் பார்த்தோம். மிதக்கும் வட்டிக் கடனில் வட்டி ஏறினால் வங்கி வழக்கமாக ஈஎம்ஐயைத் தொடாமல் காலத்தை நீட்டும். நம் 60 லட்சம் கடனில் வட்டி 8லிருந்து 9.5 ஆகி, ஈஎம்ஐ மாறாமல் இருந்தால் 20 வருடக் கடன் ஏறத்தாழ 31 வருடக் கடனாகிவிடும். அந்த நேரத்தில் ஈஎம்ஐயை ஏற்றுவதா காலத்தை நீட்டுவதா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. உங்கள் வங்கி கேட்கவில்லை என்றால் நீங்களே போய்க் கேளுங்கள்.

காத்திருந்தால் என்ன கிடைக்கும்

"வாடகையிலேயே இருந்துவிடுகிறேன்" என்பது ஒரு முடிவு, "மூன்று வருடம் பார்த்துவிட்டு வாங்குகிறேன்" என்பது வேறு முடிவு. இரண்டாவதைச் சொல்பவர்கள்தான் அதிகம். மேலே சொன்ன அதே எண்களோடு மூன்று வருடம் சேமித்தால் கையில் 41 லட்சம் சேரும். விலை 80லேயே நின்றால் அப்போது 44.5 லட்சம் கடன் போதும். இன்றே வாங்கியவருக்கு அந்தச் சமயம் கிட்டத்தட்ட 56 லட்சம் பாக்கி இருக்கும். காத்திருந்ததில் 11 லட்சம் மிச்சம். விலை 20 சதவீதம் விழுந்தால் 27 லட்சம் கடனிலேயே வேலை முடியும். விலை வருடம் 4 சதவீதம் ஏறினால் இரண்டு பேரும் சமம். 6 சதவீதம் என்றால் காத்திருந்தவருக்கு 5 லட்சம் நட்டம், அது தாங்கக்கூடியதுதான். ஆனால் 10 சதவீதம் ஏறிவிட்டால் அவர் 73 லட்சம் கடன் வாங்க வேண்டியிருக்கும், ஈஎம்ஐ 60,000ஐத் தாண்டும். 2021க்குப் பிறகு சில பகுதிகளில் இப்படி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு, அவர்களிடம் தேக்கக் கதையைச் சொன்னால் கோபம்தான் வரும்.

காத்திருப்பவர்கள் எண்ணிப் பார்க்காத ஒன்று இருக்கிறது. நிஜமாகவே பெரிய சரிவு வருகிறது என்றால் அது எப்படி வரும்? ஓஎம்ஆர், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் சந்தையைத் தாங்குவது கணவன் மனைவி இருவரும் ஐடியில் வாங்கும் இரண்டு சம்பளம். 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் ஊழியர்களில் 2 சதவீதம், அதாவது 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. இது பெரிதாகி எல்லா நிறுவனத்துக்கும் பரவினால்தான் அங்கே விலை உண்மையில் இறங்கும். அப்போது காத்திருந்தவரின் வேலை பத்திரமாக இருக்குமா? வங்கி அவருக்கு அதே தாராளத்தோடு கடன் கொடுக்குமா? சரிவில் வாங்கி லாபம் பார்த்தவர்கள் எப்போதும் ரொக்கம் வைத்திருந்தவர்கள்தான். ஐடி சம்பளத்தை நம்பி ஐடி பகுதியில் வீட்டு விலை விழக் காத்திருப்பது, ஒரே தூணில் இரண்டு சுமையையும் கட்டுவது. அரசு வேலையில் இருப்பவர், மருத்துவர், வேறு தொழிலில் நிலையான வருமானம் உள்ளவர் காத்திருந்தால் அதில் பொருள் இருக்கிறது.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்

விலை கொஞ்சம் குறைவு என்பதற்காக இதற்குப் போகிறார்கள். என் அபிப்பிராயத்தில் சரிவு பயம் இருப்பவர் தொடவே கூடாத தெரிவு இதுதான். சந்தை தேங்கினால் முதலில் விழுவது வீட்டு விலை கிடையாது, பில்டர்தான். புதிய விற்பனையில் வரும் பணத்தில்தான் பழைய கட்டடம் எழும்புகிறது, விற்பனை நின்றால் வேலையும் நிற்கும். டெல்லிப் பக்கம் நொய்டாவில் ஜேபி இன்ஃப்ராடெக் 2017இல் திவால் நடவடிக்கைக்குப் போனது. ஆம்ரபாலியின் பதிவை ரத்து செய்து, கட்டி முடிக்கும் பொறுப்பை மத்திய அரசின் என்பிசிசி நிறுவனத்திடம் 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் ஒரு பக்கம் ஈஎம்ஐ, ஒரு பக்கம் வாடகை என்று வருடக்கணக்கில் கட்டின. சீனாவில் எவர்கிராண்ட் என்ற பெரிய பில்டர் நிறுவனம் 2021இல் கடனைத் திருப்ப முடியாமல் போய், 2024 ஜனவரியில் அதைக் கலைத்துவிடும்படி ஹாங்காங் நீதிமன்றம் உத்தரவிட்டது. இடையில் 2022இல், கட்டி முடிக்காத வீட்டுக்கு ஏன் தவணை கட்ட வேண்டும் என்று அங்கே மக்கள் கட்டாமல் நிறுத்தினார்கள். இந்தியாவுக்கு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டியது அமெரிக்காவைவிட இந்தச் சீனக் கதையைத்தான்.

ரெரா வந்த பிறகு நிலைமை தேவலை. வாங்குபவர்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைத்து அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும், எப்போது முடிப்போம் என்று பதிவில் சொல்ல வேண்டும். ஆனாலும் ஜிஎஸ்டி 5 சதவீதம் கூடுதலாகப் போகிறது, 80 லட்சத்துக்கு 4 லட்சம். கடன் முழுதும் விடுவிக்கப்பட்டுவிட்டால் வட்டி மட்டுமே மாதம் 40,000, வாடகை 22,000, இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஒரு வருடம் தாமதமானால் அந்த 'கொஞ்சம் குறைவு' இருந்த இடம் தெரியாமல் போகும். பெரிய, ஏற்கெனவே நிறைய கட்டி முடித்துக் கொடுத்த பில்டர், ரெராவில் போட்ட தேதி நெருங்கிவிட்டது, கட்டடம் பூச்சு வரை வந்துவிட்டது என்றால் யோசிக்கலாம். அஸ்திவாரம் மட்டும் தெரியும் இடத்தில் வேண்டாம்.

மனை

"மண்ணில போட்ட காசு வீண் போகாது" என்பதை நம்பி வளர்ந்தவர்கள் நாம். கட்டடம் தேயும், நிலம் தேயாது என்பது சரிதான். ஆனால் மனையில் வாடகை வராது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, சேர்ந்து 9 சதவீதம் முதல் நாளே போய்விடுகிறது. 25 லட்சத்துக்கு மனை வாங்கி ஐந்து வருடத்தில் விற்றால், 6 சதவீத வட்டிக்கு ஈடாகவே அது 36.5 லட்சத்துக்கு விற்க வேண்டும், அதாவது வருடம் ஏறத்தாழ 8 சதவீதம் ஏறியாக வேண்டும். மதுராந்தகம், திண்டிவனம் பக்கம் லேஅவுட் போட்டு, டிவியில் விளம்பரம் கொடுத்து, வேனில் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டு விற்ற மனைகளில் இன்றும் முள்செடி வளர்ந்து கிடப்பவை உண்டு. 2016 உத்தரவு வந்தபோது அங்கீகாரமில்லாத மனை வைத்திருந்தவர்களுக்கு விலை விழவில்லை, விற்கவே முடியாமல் போனது. மகள் கல்யாணத்துக்கென்று வாங்கிப்போட்டவர்கள் கல்யாணத்தின்போது அதைக் காசாக்க முடியாமல் தவித்தார்கள். 2017இல் வரன்முறைத் திட்டம் வந்த பிறகுதான், அதுவும் கட்டணம் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது.

மனைதான் வேண்டும் என்றால் அரசின் நகரத் திட்ட அமைப்புகளான சிஎம்டிஏ (சென்னை) அல்லது டிடிசிபி (மற்ற இடங்கள்) அங்கீகாரம், ரெரா எண், உங்கள் பெயருக்கு மாறக்கூடிய பட்டா, 30 வருட வில்லங்கச் சான்றிதழ், மூலப்பத்திரம், இவற்றோடு இன்னொன்றும் பாருங்கள்: பக்கத்து மனைகளில் வீடு கட்டிக் குடியிருக்கிறார்களா? குடியிருக்கிறார்கள் என்றால் அது விற்கும். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம், மெட்ரோ இரண்டாம் கட்டம், பரந்தூர் விமான நிலையம் என்று வரைபடத்தைக் காட்டுபவரிடம், அந்த ஏற்றத்தை ஏற்கெனவே விலையில் சேர்த்துவிட்டாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேர்த்திருப்பார்.

பழைய ஃபிளாட்டைப் பற்றிச் சுருக்கமாக. கட்டி 15, 20 வருடம் ஆனது, நகரத்துக்குள் இருப்பது, பிரிக்கப்படாத மனைப் பங்கு, அதாவது யுடிஎஸ் நன்றாக இருப்பது, இப்படி ஒன்று கிடைத்தால் தேக்கத்தைத் தாங்கும் சக்தி அதற்குத்தான் அதிகம் என்று நினைக்கிறேன். ஓஎம்ஆரில் இருபது மாடிக் கட்டடத்தில் 1,000 சதுர அடிக்கு வரும் நிலப் பங்கைவிட மூன்று மாடிப் பழைய கட்டடத்தில் வரும் பங்கு பல மடங்கு. 2024இல் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்பதால் அந்த நிலப் பங்குக்கு இப்போது பொருள் கூடியிருக்கிறது. பதிவு 9 சதவீதம், தண்ணீர்க் குழாயும் மின் ஒயரும் மாற்ற வேண்டியிருக்கலாம், லிஃப்ட் இருக்காது. வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு அது ஒத்துவராது.

லீஸ் என்று பத்துப் பதினைந்து லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து வாடகையில்லாமல் இருப்பதும் ஒரு வழியாகச் சொல்லப்படுகிறது. அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, உரிமையாளர் கட்டாமல் விட்டால், ஏலத்தில் உங்கள் பணம் கடைசி வரிசையில் நிற்கும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, வில்லங்கமும் பார்த்தால் தவிர இதைச் செய்யாதீர்கள்.

ஆக, என் தீர்ப்பு. பத்து வருடத்துக்குக் குறையாமல் அங்கேயே குடியிருக்கப் போகிறீர்கள், ஈஎம்ஐ கைக்கு வரும் சம்பளத்தில் 35 சதவீதத்தைத் தாண்டாது (50,000 ஈஎம்ஐக்கு மாதம் 1 லட்சத்து 43 ஆயிரமாவது வர வேண்டும்), பதிவெல்லாம் முடிந்த பிறகும் ஒரு வருட ஈஎம்ஐ தனியாகக் கையில் இருக்கிறது என்றால் கட்டி முடித்த ஃபிளாட்டை வாங்குங்கள், சரிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். விலை எட்டு வருடம் தேங்கினாலும் உங்களுக்கு வீடு இருக்கும், விற்க வேண்டிய அவசரம் இருக்காது. வாங்குமுன் ஒரு நாள் இரவு எட்டரை மணிக்கு அந்தக் குடியிருப்புக்குப் போய் எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். பாதி இருட்டாக இருந்தால் வாங்கியவர்களில் நிறையப் பேர் முதலீட்டுக்கு வாங்கியவர்கள், சந்தை ஆடினால் எல்லோரும் ஒன்றாக விற்க வருவார்கள். 2015லும், 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று எதிர்க் கடைக்காரரைக் கேளுங்கள், பில்டரைக் கேட்காதீர்கள். விலையையும் பேசுங்கள். ஃபிரீ கிச்சன் வேண்டாம், அந்தத் தொகையை விலையில் கழியுங்கள் என்று கேட்டால் பத்திரத்தில் விலை குறையும், பதிவுச் செலவும் கடனும் சேர்ந்து குறையும்.

முதலீட்டுக்காக இரண்டாவது ஃபிளாட் என்றால் இப்போது வேண்டாம். வருடம் 3 சதவீத வாடகைக்காக 8 சதவீதக் கடன் வாங்குவதற்கு, விலை தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நியாயம் எதுவும் இல்லை. ஐந்து வருடத்துக்குள் ஊர் மாறலாம், வெளிநாடு போகலாம் என்று இருப்பவர்களும் வாடகையிலேயே இருங்கள், யார் என்ன சொன்னாலும்.

கையில் 12 லட்சம் இருக்கிறது, 80 லட்சம் வீடு பார்க்கிறேன் என்பவர்களைத்தான் எனக்கு அதிகம் தடுக்கத் தோன்றுகிறது. வங்கி உச்சமாக 64 லட்சம் தரும், ஈஎம்ஐ 53,500. மீதி 9.6 லட்சத்துக்கு 12 சதவீதத்தில் ஐந்து வருடப் பர்சனல் லோன் என்றால் அதற்கு 21,000 சொச்சம். மாதம் 75,000 ரூபாய், கையிருப்பு சுழியம். இந்த நிலையில் விலை சரியத் தேவையே இல்லை, மூன்று மாதம் ஒரு சம்பளம் நின்றால் போதும். இரண்டு மூன்று வருடம் சேமித்துவிட்டு வாருங்கள், அல்லது 50 லட்சத்துக்குள் பாருங்கள். 50 லட்சம் வரை புது ஃபிளாட்டுக்கு முத்திரைத் தீர்வையும் 4 சதவீதம்தான்.